ஒரே வரி, மூன்று எஸ்கியூஎல்: எண்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரில் ‘கன்டெய்ன்ஸ்’ குவெரி பட்ட பாடு

சி ஷார்ப் கோடை டேட்டாபேஸுக்குப் புரியும் எஸ்கியூஎல்-ஆக மாற்றித் தரும் மைக்ரோசாஃப்ட் நூலகம் எண்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர். 2023 நவம்பரில் அதன் 8-ஆம் பதிப்பு வந்தது. பேக்கேஜ் எண்ணை மாற்றி, பில்ட் செய்து, டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டிய பிறகு சர்வரில் ஏற்றிய சில குழுக்களுக்கு விசித்திரமான ஒரு பிழை கிடைத்தது. டாலர் குறிக்கு அருகே சின்டாக்ஸ் தவறு என்றது மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்கியூஎல் சர்வர். அவர்கள் எழுதிய கோடில் டாலர் குறியே இல்லை. வேறு சிலருக்குப் பிழை எதுவும் வரவில்லை, ஆனால் நேற்றுவரை சட்டென்று திறந்த ஒரு பக்கம் இன்று இழுத்தது. இரண்டு தரப்பிலும் யாரும் ஒரு வரியைக்கூட மாற்றியிருக்கவில்லை.

கையில் ஒரு ஐடி பட்டியல் இருக்கிறது, அந்தப் பட்டியலில் உள்ள ஆர்டர்களை மட்டும் எடு. இப்படி ஒரு குவெரி இல்லாத வணிக மென்பொருளைப் பார்ப்பது அரிது. சி ஷார்ப்பில் இது ஒரே வரி: ‘வேர்’ நிபந்தனைக்குள் ‘ஐடிகள்.கன்டெய்ன்ஸ்(ஆர்டர்.ஐடி)’. எழுதுபவருக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை. அதை எஸ்கியூஎல்-ஆக மாற்றும் ஓஆர்எம்முக்குத்தான் (இப்படி மாற்றித் தரும் நூலகங்களுக்கு அதுதான் பொதுப் பெயர்) திண்டாட்டம். காரணம், எஸ்கியூஎல் சர்வரில் ஒரு எண்ணை பாராமீட்டராக, அதாவது எஸ்கியூஎல் வரியில் எழுதாமல் தனி மதிப்பாக, அனுப்பலாம், ஒரு சரத்தை அனுப்பலாம், பட்டியலை அப்படியே அனுப்ப எளிய வழி கிடையாது. டேபிள் வகை பாராமீட்டர் ஒன்று உண்டு. ஆனால் அதற்கான வகையை டேட்டாபேஸில் முன்கூட்டியே உருவாக்கி வைக்க வேண்டும், பொது நூலகம் ஒன்று அதை எல்லார் டேட்டாபேஸிலும் எதிர்பார்க்க முடியாது. போஸ்ட்கிரெஸ்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே அரே என்பது டேட்டாபேஸுக்கே தெரிந்த வகை, அதனால் போஸ்ட்கிரெஸுக்கான இணைப்பு நூலகமான என்பிஜிஎஸ்கியூஎல் புரொவைடர் முழுப் பட்டியலையும் ஒரே பாராமீட்டராக ‘எனி’ என்ற ஆபரேட்டருக்குள் தள்ளிவிடுகிறது.

எஸ்கியூஎல் சர்வரில் மட்டும் 2016 முதல் 2025 வரை இந்த ஒரு வரிக்கு மூன்று மொழிபெயர்ப்புகள் வந்துவிட்டன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயமான காரணம் இருந்தது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் டேட்டாபேஸைத் தொந்தரவு செய்தது. பழையதற்குத் திரும்ப ஒவ்வொரு முறையும் ஒரு ஆப்ஷன் வந்தது. அந்த ஆப்ஷன்களை எங்கே, எந்த அளவில் வைப்பது என்பதுதான் இந்த ஆய்வில் எனக்கு முக்கியம்.

முதல் மொழிபெயர்ப்பு: மதிப்புகளை நேரடியாக எழுதுவது

7-ஆம் பதிப்பு வரை நூலகம் எளிய வழியில் போனது. பட்டியலில் 3, 17, 42 இருந்தால் ‘இன் (3, 17, 42)’ என்று மதிப்புகளை எஸ்கியூஎல் வரியிலேயே எழுதிவிடும். பார்க்கத் தெளிவு, டேட்டாபேஸுக்கும் ஒரு வசதி உண்டு: மதிப்புகள் கண்ணெதிரே இருப்பதால் ஹிஸ்டோகிராமில் (எந்த மதிப்பு எத்தனை வரிசைகளில் வருகிறது என்ற புள்ளிவிவரம்) ஒவ்வொன்றையும் தேடி, எத்தனை வரிசைகள் வரும் என்று ஓரளவு சரியாகக் கணிக்கலாம்.

செலவு வேறு இடத்தில் விழுகிறது. ஒரு குவெரியை எப்படி ஓட்டுவது என்ற திட்டத்தைத் தயாரிக்க எஸ்கியூஎல் சர்வர் கணிசமாக உழைக்கிறது. உழைத்ததை பிளான் கேஷில் வைத்துக்கொண்டு, அதே குவெரி மறுபடி வந்தால் எடுத்துப் பயன்படுத்துகிறது. ‘அதே குவெரி’ என்பதற்கு அடையாளம் எஸ்கியூஎல் வரியின் எழுத்துதான். 3, 17, 42 ஒரு வரி. 3, 17, 43 வேறொரு வரி. ஆளாளுக்கு வேறு ஐடி பட்டியல் வருகிற ஒரு பக்கத்தில் ஒவ்வொரு கிளிக்கும் புதிய திட்டம். கேஷ் இப்படி ஒருமுறை மட்டும் பயன்பட்ட திட்டங்களால் நிரம்பும்போது, உண்மையில் அடிக்கடி தேவைப்படுபவை வெளியே தள்ளப்படுகின்றன. சம்பந்தமே இல்லாத குவெரிகள் மெதுவாகின்றன, காரணம் கண்டுபிடிக்க ஆளைச் சுற்ற வைக்கும்.

ஓடிய குவெரிகளையும் அவற்றின் திட்டங்களையும் பதிந்து வைக்கும் குவெரி ஸ்டோரும் இதே வெள்ளத்தில் மாட்டும். வரிக்கு வரி தனிக் குவெரியாகப் பதிவதால் அதன் இடம் தீர்ந்துபோகும். 2016, 2017 பதிப்புகளில் அதன் டிஃபால்ட் அளவு வெறும் 100 எம்பி, 2019-இல்தான் 1000 ஆனது. இடம் தீர்ந்தால் அது படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடும். எதைக் கண்காணிக்க அதை வைத்தீர்களோ அது நடக்கும் நேரத்தில் அது தூங்கிக்கொண்டிருக்கும்.

நூலகத்துக்கு உள்ளேயும் ஒரு செலவு இருந்தது. எண்டிட்டி ஃபிரேம்வொர்க் தான் உருவாக்கிய எஸ்கியூஎல்-ஐத் தனக்கென ஒரு கேஷில் வைத்துக்கொள்ளும். மதிப்புகளே வரியில் இருந்தால் அதை வைத்துக்கொண்டு பயனில்லை, ஒவ்வொரு முறையும் எஸ்கியூஎல்-ஐ மறுபடி எழுத வேண்டும்.

இந்த நோய் மைக்ரோசாஃப்ட் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. ஜாவா உலகின் ஓஆர்எம்மான ஹைபர்நேட் மதிப்புகளை எழுதாமல் கேள்விக்குறிகளாக அனுப்பியும், பட்டியல் நீளம் மாறும்போதெல்லாம் புதுக் குவெரி ஆவதால் அதன் பிளான் கேஷ் ஹீப் நினைவகத்தைத் தின்ற கதைகள் நிறைய உண்டு. அதற்கென்றே கேள்விக்குறிகளின் எண்ணிக்கையை இரண்டின் அடுக்குக்கு உயர்த்தும் ஒரு செட்டிங் வந்தது: 3 இருந்தால் 4, 5 இருந்தால் 8. டிஃபால்டாக அது அணைந்தே இருக்கும், பலருக்கு இருப்பதே தெரியாது. பைத்தானில் இதே வேலையைச் செய்யும் எஸ்கியூஎல்ஆல்கெமி 1.4 பட்டியல் இருக்கும் இடத்தைக் காலியாக விட்டு, ஓட்டும் நேரத்தில் நிரப்பி, தன் பக்கத்து கேஷையாவது காப்பாற்றிக்கொண்டது.

இரண்டாம் மொழிபெயர்ப்பு: ஜேசன்

8-ஆம் பதிப்பில் வந்த தீர்வு புத்திசாலித்தனமானது என்றே இன்றும் நினைக்கிறேன். பட்டியல் முழுவதையும் ஜேசன் (டேட்டாவை எழுத்தாக எழுதும் ஒரு வடிவம்) சரமாக்கி, ஒரே பாராமீட்டராக அனுப்பி, டேட்டாபேஸ் பக்கத்தில் ஓப்பன்ஜேசன் என்ற ஃபங்ஷனால் பிரித்து டேபிள்போல் பயன்படுத்துவது. பட்டியலில் மூன்று இருந்தாலும் மூவாயிரம் இருந்தாலும் எஸ்கியூஎல் வரி மாறாது. ஒரே வரி, ஒரே திட்டம். பல ஆண்டுகளாகப் பயனர்கள் கேட்டுக்கொண்டிருந்த மாற்றம் இது.

டாலர் குறி எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரிந்திருக்கும். ஓப்பன்ஜேசன் அழைப்பில் மதிப்பு இருக்கும் பாதையைக் குறிக்க நூலகம் எழுதும் குறி அது. ஓப்பன்ஜேசன் எஸ்கியூஎல் சர்வர் 2016-இல் வந்தது, டேட்டாபேஸின் கம்பாட்டிபிலிட்டி லெவல் (எந்தப் பதிப்பைப்போல் நடந்துகொள்வது என்று சொல்லும் எண்) 130 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அது புரியும். இங்கேதான் பலர் சறுக்கினார்கள். ‘எங்களிடம் 2019 சர்வர் இருக்கிறதே’ என்று கேட்டார்கள். சர்வரின் வயது வேறு, டேட்டாபேஸின் லெவல் வேறு. பழைய டேட்டாபேஸை புதிய சர்வரில் ரிஸ்டோர் செய்தால் அதன் பழைய லெவல் அப்படியே கூடவே வரும், அந்தப் புதிய சர்வர் தாங்கும் வரையில். 2012-இல் பிறந்த டேட்டாபேஸ் 2019 சர்வரில் 110 என்றே உட்கார்ந்திருக்கலாம். சிஸ்.டேட்டாபேசஸ் என்ற வியூவில் ஒரு நெடுவரிசையைப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் அப்கிரேடுக்கு முன் அதை யார் பார்க்கிறார்கள்.

டெஸ்ட்டுகள் பச்சையாக இருந்ததற்கும் காரணம் உண்டு. நினைவகத்தில் ஓடும் இன்மெமரி புரொவைடரில் எஸ்கியூஎல்-ஏ உருவாவதில்லை. எஸ்கியூலைட்டில் டெஸ்ட் ஓட்டினால் அதற்கென வேறு மொழிபெயர்ப்பு, வேறு ஃபங்ஷன். உண்மையான டேட்டாபேஸைத் தொடாத டெஸ்ட் இந்த மாதிரி மாற்றத்தைப் பிடிக்க வாய்ப்பே இல்லை.

பிழை வந்தவர்கள் ஒரு வகையில் அதிர்ஷ்டசாலிகள், காரணம் உடனே தெரிந்துவிட்டது. மெதுவானவர்கள் பாடுதான் கஷ்டம். ஜேசன் சரத்துக்குள் எத்தனை மதிப்புகள் இருக்கின்றன என்று திட்டம் போடும் நேரத்தில் எஸ்கியூஎல் சர்வருக்குத் தெரியாது. ஓப்பன்ஜேசன் என்றாலே 50 வரிசைகள் என்று ஒரு நிலையான ஊகத்தை வைத்துக்கொள்கிறது. எத்தனை இலை விழும் என்று கேட்காமலே எல்லாக் கல்யாணத்துக்கும் ஐம்பது பேருக்கு உலை வைக்கும் சமையல்காரர் மாதிரி. இரண்டு ஐடிக்கும் ஐம்பது, ஐயாயிரம் ஐடிக்கும் ஐம்பது. பெரும்பாலான குவெரிகளில் இந்த ஊகம் தீங்கு செய்வதில்லை. ப்ரைமரி கீயில் தேடும்போது ஐம்பது என்றாலும் ஐந்து என்றாலும் இண்டெக்ஸ் வழியாகத்தான் போகும்.

தீங்கு வருவது இரண்டு இடங்களில். ஒன்று, மதிப்புகள் சீராகப் பரவாத நெடுவரிசை. ஆர்டரின் நிலை என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது, லட்சக்கணக்கான வரிசைகளில் ‘முடிந்தது’, சில நூறில் மட்டும் ‘நிலுவை’ என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் ‘நிலுவை’ மட்டும் இருக்கிறது என்று வரியிலேயே எழுதியிருந்தால் டேட்டாபேஸ் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, சில நூறு வரிசைதான், இண்டெக்ஸில் போ என்று முடிவெடுக்கும். ஜேசனுக்குள் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை, அதனால் சராசரிக் கணக்குப் போட்டு முழு டேபிளையும் படிக்கக் கிளம்பலாம். இன்னொன்று, இந்தப் பட்டியல் நிபந்தனைக்குப் பின்னால் நான்கைந்து ஜாயின்கள் (வேறு டேபிள்களை இணைப்பது) தொங்கும் குவெரி. முதல் படியின் ஊகப் பிழை ஒவ்வொரு ஜாயினிலும் பெருகி, கடைசியில் குவெரிக்கு ஒதுக்கும் நினைவகமான மெமரி கிராண்ட்டும் ஜாயின் வகையும் தாறுமாறாகப் போகும்.

ஆப்ஷன்கள் வந்த வரிசை

8-ஆம் பதிப்பிலேயே ஒரு அவசர வழி இருந்தது. எந்த டேட்டாபேஸ் என்று நூலகத்துக்குச் சொல்லும் யூஸ்எஸ்கியூஎல்சர்வர் அழைப்புக்குள் யூஸ்கம்பாட்டிபிலிட்டிலெவல் என்று 120 கொடுத்தால், ஓப்பன்ஜேசன் தெரியாத டேட்டாபேஸ் என்று நூலகம் எடுத்துக்கொண்டு பழையபடி மதிப்புகளை எழுதும். உண்மையிலேயே பழைய லெவலில் இருந்தவர்களுக்கு இது சரியான செட்டிங். ஆனால் இணையத்தில் தேடிய பலர், டேட்டாபேஸ் 150-இல் இருக்கும்போதே, வேகம் திரும்ப வேண்டும் என்பதற்காக இதை ஒட்டிக்கொண்டார்கள். அது நூலகத்திடம் பொய் சொல்வது. கன்டெய்ன்ஸ் மட்டும் மாறவில்லை, ஓப்பன்ஜேசனை நம்பியிருக்கும் மற்ற வசதிகளும், உதாரணமாக ஜேசன் நெடுவரிசையில் வைத்த எளிய மதிப்புப் பட்டியலுக்குள் குவெரி செய்வதும், கூடவே போய்விடும்.

8-இன் காலத்திலேயே ஈஎஃப்.கான்ஸ்டன்ட் என்ற ஃபங்ஷன் வந்தது. பட்டியலை அதற்குள் சுற்றினால் அந்த ஒரு குவெரியில் மட்டும் மதிப்புகள் வரியில் எழுதப்படும். 2024 நவம்பரில் வந்த 9-ஆம் பதிப்பு, கான்டெக்ஸ்ட் (டேட்டாபேஸோடு நூலகம் பேசும் கிளாஸ், அதன் எல்லாக் குவெரிகளும்) முழுவதுக்கும் பழைய முறையை டிஃபால்ட்டாக்கும் ஒரு ஆப்ஷனையும், அதற்கு எதிர்த்திசையில் ஈஎஃப்.பாராமீட்டர் என்ற ஃபங்ஷனையும் சேர்த்தது. பொய் சொல்லாமல் பழையதற்குத் திரும்ப அப்போதுதான் முறையான பாதை கிடைத்தது.

இதே நூலகம் இதற்கு முன்பும் இந்த வழியில் நடந்திருக்கிறது. 2019 செப்டம்பரில் வந்த 3.0, இன்க்ளூட் மூலம் கேட்கும் எல்லாத் தொடர்புகளையும் ஒரே செலக்ட்டில் ஜாயின்களாக இழுக்க ஆரம்பித்தது. ஒரு ஆர்டருக்கு 10 பொருள், 10 குறிப்பு என்று இரண்டு தொகுப்புகளைக் கேட்டால் 20 வரிசைக்குப் பதில் 100 வரிசை வந்து விழுந்தது. 2020 நவம்பரில் 5.0 வந்தபோது அஸ்ஸ்பிளிட்குவெரி என்று குவெரி அளவிலும், யூஸ்குவெரிஸ்பிளிட்டிங்பிஹேவியர் என்று கான்டெக்ஸ்ட் அளவிலும் வழி திறந்தார்கள். பிரித்து ஓட்டுவதும் இலவசம் கிடையாது. இரண்டு குவெரிகளுக்கு நடுவே வேறு யாராவது டேட்டாவை மாற்றினால் முடிவுகள் ஒன்றோடொன்று ஒட்டாது. 10-க்கு முந்தைய பதிப்புகளில், முடிவைப் பக்கம் பக்கமாக வெட்டும் ஸ்கிப், டேக் போடும்போது வரிசைப்படுத்தும் நெடுவரிசை தனித்துவமாக இல்லாவிட்டால் தவறான டேட்டா வரவும் கூடும்.

அங்கே ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட தொகுப்புகளை இன்க்ளூட் செய்து, எந்த முறை என்று எங்குமே சொல்லாமல் விட்டால் லாகில் எச்சரிக்கை வரும். டிஃபால்ட்டை மௌனமாக ஏற்றுக்கொள்ள விடாமல் ஆளை முடிவெடுக்க வைக்கும் எச்சரிக்கை. கன்டெய்ன்ஸ் விஷயத்திலும் அப்படி ஒன்று இருந்திருந்தால் 2023-இல் பல ராத்திரிகள் மிச்சமாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

மூன்றாம் மொழிபெயர்ப்பு: மதிப்புக்கு ஒரு பாராமீட்டர்

2025 நவம்பரில் வந்த 10-ஆம் பதிப்பு நடுவழியைத் தேர்ந்தது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு மதிப்புக்கும் தனித்தனி பாராமீட்டர். மதிப்புகள் மாறினாலும் எஸ்கியூஎல் வரி மாறாது, அதனால் பிளான் கேஷ் பிழைத்தது. எத்தனை மதிப்புகள் என்று டேட்டாபேஸுக்குத் தெரியும், அதனால் ஐம்பது என்ற குருட்டு ஊகமும் போனது. எண்ணிக்கை மாறும்போது வரி மாறுமே என்ற பழைய சிக்கலுக்கு ஹைபர்நேட் வழியில் ஒரு நிரப்பல்: 8 மதிப்புகள் இருந்தால் 10 பாராமீட்டர் எழுதி, மீதி இரண்டிலும் கடைசி மதிப்பையே மறுபடி வைக்கிறது. ‘இன்’ நிபந்தனையில் ஒரே மதிப்பு மூன்று முறை வந்தாலும் முடிவு மாறப் போவதில்லை.

கான்டெக்ஸ்ட் அளவில் இதை மாற்ற இப்போது யூஸ்பாராமீட்டரைஸ்டுகலெக்ஷன்மோட் என்ற ஒரே ஆப்ஷன் இருக்கிறது. கான்ஸ்டன்ட், பாராமீட்டர், மல்டிபிள்பாராமீட்டர்ஸ் என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். அதாவது மூன்று பழைய காலங்களும் ஒரே மேசையில்.

இதையும் முடிந்த முடிவு என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். எஸ்கியூஎல் சர்வர் ஒரு கட்டளைக்கு 2100 பாராமீட்டர்தான் ஏற்கும், ஆகவே ஆயிரக்கணக்கில் ஐடி அனுப்பும் இடங்களுக்கு இந்த முறை பொருந்தாது. அங்கே ஈஎஃப்.பாராமீட்டர் கொண்டு ஜேசனுக்குத் திரும்பலாம், இல்லை ஐடிகளைத் தற்காலிக டேபிளில் ஏற்றி ஜாயின் செய்யலாம். தற்காலிக டேபிளுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் உண்டு என்பது தனி லாபம். இன்னும் நேர்மையாகச் சொன்னால், பயன்பாட்டு சர்வரிலிருந்து ஐயாயிரம் ஐடி டேட்டாபேஸுக்குப் போகிறது என்றாலே அந்த ஐடிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்பது நல்லது. பெரும்பாலும் அதே டேட்டாபேஸிலிருந்து ஒரு குவெரியில் வெளியே வந்து, அடுத்த குவெரியில் உள்ளே போகின்றன. இரண்டையும் ஒரே குவெரியாக எழுதினால் ஆப்ஷனே வேண்டாம்.

சரி, எந்த ஆப்ஷனை எங்கே வைப்பது?

கான்டெக்ஸ்ட் அளவு ஆப்ஷன் என்பது நூற்றுக்கணக்கான குவெரிகளுக்கு ஒரே உத்தரவு. அந்த நூறில் ஐந்துக்குத்தான் பிரச்சினை என்றால் மீதி தொண்ணூற்றைந்துக்கும் பழைய நோயைத் திருப்பிக் கொடுக்கிறோம். அப்கிரேட் ராத்திரியில், பக்கம் விழுந்து கிடக்கும்போது அதைப் போடுவதில் தவறில்லை. அதற்காகத்தான் அது இருக்கிறது. ஆனால் நிலையான இடம் குவெரியின் அருகே. ‘நிலை’ நெடுவரிசையில் தேடும் குவெரிக்கு ஈஎஃப்.கான்ஸ்டன்ட் பொருத்தம்: சாத்தியமான மதிப்புகள் ஆறோ ஏழோதான், நடைமுறையில் வேறுபட்ட வரிகள் சில டஜனைத் தாண்டுவது அரிது, ஹிஸ்டோகிராமும் பயன்படுகிறது. ஐடி பட்டியலுக்கு அதே கான்ஸ்டன்ட் நஞ்சு. நெடுவரிசையில் டேட்டா எப்படிப் பரவியிருக்கிறது என்பது அந்தக் குவெரியை எழுதியவருக்குத் தெரியும், நூலகம் எழுதியவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

எடுத்த வரிசைகளில் பின்னால் மாற்றம் வருகிறதா என்று நூலகம் கண்காணிக்கும் ட்ராக்கிங் ஆப்ஷன் மட்டும் இதற்கு விலக்கு. படிக்க மட்டும் பயன்படும் ரிப்போர்ட் சேவை என்றால் நோட்ராக்கிங்கை கான்டெக்ஸ்ட் அளவிலேயே வைக்கலாம், அது டேட்டாவின் பரவலைச் சார்ந்ததன்று, சேவையின் வேலையைச் சார்ந்தது.

எந்த ஐந்து குவெரிகள் என்று கண்டுபிடிக்க ஊகம் வேண்டாம். கன்டெய்ன்ஸ் இருக்கும் குவெரிகளில் டேக்வித் போட்டால் எஸ்கியூஎல்-இல் ஒரு கமெண்ட்டாக அந்தப் பெயர் போய்ச் சேரும், டேட்டாபேஸைப் பராமரிக்கும் டிபிஏ எடுத்துக் கொடுக்கும் மெதுவான குவெரியிலிருந்து கோடின் இடத்துக்கு நேராக வரலாம். அந்தப் பெயர் நிலையாக இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. யூசர் ஐடியையோ ரிக்வெஸ்ட் எண்ணையோ அதில் வைத்தால் கமெண்ட் மாறுகிறது, வரி மாறுகிறது, பட்டியலை எவ்வளவு கவனமாக பாராமீட்டர் ஆக்கியிருந்தாலும் பிளான் கேஷ் மறுபடி குப்பையாகிறது. டூகுவெரிஸ்ட்ரிங் கொண்டு முக்கியமான குவெரிகளின் எஸ்கியூஎல்-ஐ ஃபைலில் எழுதி ரெப்போவில் வைத்துவிட்டால், அடுத்த பதிப்புக்குப் போகும்போது எது மாறியது என்பது சர்வரில் ஏற்றும் முன்பே டிஃப்பில் தெரியும்.

2023-இல் அவசரத்துக்குப் போட்ட அந்த 120 இன்னும் பல ப்ராஜெக்டுகளின் தொடக்க ஃபைலில் இருக்கிறது. 10-க்குப் போகிறவர்கள் முதலில் டேட்டாபேஸின் உண்மையான லெவலைப் பார்க்க வேண்டும். 130 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்த வரியை எடுத்துவிடலாம், தேவைப்படும் குவெரிகளுக்கு மட்டும் தனியாக வைத்துக்கொள்ளலாம். உண்மையிலேயே 110-இல் இருந்தால் நூலகத்தை மாற்றும் அதே ராத்திரியில் டேட்டாபேஸின் லெவலையும் உயர்த்த வேண்டாம். 110-இலிருந்து 120-க்குப் போகும்போதே, எத்தனை வரிசை வரும் என்று கணக்கிடும் எஸ்டிமேட்டரே மாறுகிறது. மெதுவானால் காரணம் ஓஆர்எம்மா எஸ்டிமேட்டரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. லெவலை முதலில் உயர்த்தி, லெகஸி கார்டினாலிட்டி எஸ்டிமேஷன் என்ற டேட்டாபேஸ் செட்டிங்கால் பழைய கணக்கையே வைத்துக்கொண்டு, குவெரி ஸ்டோரில் கொஞ்ச நாள் பதிவு சேரவிட்டு, அப்புறம் நூலகத்தை மாற்றுங்கள். எஸ்டிமேட்டரை மாற்றுவது மூன்றாவது வேலை, அதற்குத் தனி நாள்.